இது மூணு வருஷப் படிப்பு இல்லை! சைக்காலஜி எடுக்கப்போகும் கரிசல் பிள்ளைகளுக்கு...

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கோவில்பட்டியின் பிரவுசிங் சென்டர்களில் உட்கார இடம் இருக்காது. கம்ப்யூட்டர் முன்னால் பிள்ளை; பின்னால், தீப்பெட்டி ஆபீஸுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்த அம்மா. நர்ஸிங், பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று போய்க்கொண்டிருந்த விருப்பப் பட்டியலில் சில வருடங்களாக சைக்காலஜியும் சேர்ந்திருக்கிறது.

"பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குற படிப்புதான அது? பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு?" என்பார் பெரியப்பா. "இல்ல பெரியப்பா, மூணு வருஷம் படிச்சா டாக்டர் மாதிரி கிளினிக் வைக்கலாம்" என்று பிள்ளை சொல்லும். இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. பெரியப்பா சொல்வது பழைய பயம், அது போகட்டும். பிள்ளை நம்புவதுதான் பின்னால் செலவு வைக்கும்.

மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் வேறு. அவர் நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி. படித்தவர். உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழியாகவும், சோதனைகள் வழியாகவும், பயிற்சிகள் வழியாகவும் வேலை செய்பவர். அந்த உளவியலாளர்களிலும், நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை தரும் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ள டிகிரி மட்டும் போதாது. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். வக்கீலுக்கு பார் கவுன்சில் எப்படியோ, அப்படி. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் யாரை அப்படி அழைக்கலாம் என்பதை வரையறுத்து வைத்திருக்கிறது.

ஆக, பி.எஸ்ஸி. சைக்காலஜி முதல் படி. அதன்மேல் இரண்டு வருட முதுகலை, அதன்மேல் இரண்டு வருட எம்.பில். கிளினிக்கல் சைக்காலஜி என்பதுதான் இத்தனை காலம் இருந்த பாதை. எம்.பில்லையே எடுத்துவிட்ட யு.ஜி.சி., இந்தப் படிப்புக்கு விலக்கு தந்து 2025-26 கல்வியாண்டு வரை நீட்டித்தது. அதன் இடத்துக்கு எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி போன்ற புதிய படிப்புகளை ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது. எப்படிக் கணக்குப் போட்டாலும் பள்ளி முடித்து ஐந்து முதல் ஏழு வருடம். பெயரில் 'கிளினிக்கல்' என்று இருக்கும் படிப்பைக் கல்லூரி புரோக்கர் காட்டினால், அந்தக் கல்லூரி அந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

இன்னொன்று, இது முக்கியம். 'வீட்டில் இருந்தபடியே தபால்வழியில் சைக்காலஜி' என்பது கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகச் சொல்லப்பட்டுவந்த யோசனை. பஸ் செலவு இல்லை, ஹாஸ்டல் இல்லை, பகலில் வேலைக்கும் போகலாம். ஆனால், 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. 2021-ல் வந்த சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை நேரில்தான் படிக்க வேண்டும் என்பது காரணம். மனிதரை மனிதர் எதிரே உட்காரவைத்துப் பழகவேண்டிய வேலைக்கு இது நியாயமான விதிதான். ஆனாலும், வெளியூர் அனுப்ப வழியில்லாத வீட்டின் கதவு ஒன்று இதனால் மூடியிருக்கிறது என்பதும் உண்மை. 'ஆறு மாத டிப்ளமோ, உடனே கவுன்சலர்' என்ற விளம்பரங்கள் அந்த வீடுகளைத்தான் குறிவைக்கின்றன. அந்தச் சான்றிதழை வைத்து ஆர்.சி.ஐ. பதிவு கிடைக்காது.

இவ்வளவு நீளமான படிப்பு தேவையா என்று கேட்டால், தேவை இந்த மண்ணிலேயே இருக்கிறது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு மனநல இல்லம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடூரமானவர்கள் அல்ல. வேறு எங்கே போவது என்று தெரியாத குடும்பங்கள். நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, நாட்டில் வயதுவந்தோரில் 10.6 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பதாகச் சொன்னது. சிகிச்சைக்கு வராதவர்கள்தான் அதில் அதிகம். இன்று மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, 14416 என்ற இலவச டெலிமானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அந்த இருக்கைகளில் உட்காரத்தான் படித்த ஆட்கள் வேண்டும்.

சரி, வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள்? முகத்தைப் பார்த்து மனதைப் படிக்கும் வித்தை என்று நினைத்துப் போகிறவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே ஏமாற்றம் வரும். மூளையும் நரம்பும் வேலை செய்யும் விதம், ஞாபகம், குழந்தையின் வளர்ச்சி, சமூக உளவியல், மனநோய்களின் வகை, லேபில் செய்யும் சோதனைகள், கூடவே புள்ளியியல். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் 1879-ல் தொடங்கிய ஆய்வகத்திலிருந்து பிறந்த பாடம் இது, அளந்து பார்ப்பதுதான் இதன் அடிப்படை. ப்ளஸ் டூ-வில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளும். ஆனால், கணக்கென்றால் ஓடுகிற பிள்ளை புள்ளியியலைப் பற்றி முன்பே யோசித்துவிடுவது நல்லது. பாடம் பெரும்பாலும் ஆங்கிலவழி. தமிழ்வழியில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும். ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவில் இருக்கும் நாள்களில் ஆங்கில அகராதியோடு தினம் இரண்டு பக்கம் படித்துப் பழகலாம்.

எங்கே படிப்பது என்பதுதான் கரிசல் பக்கத்து வீடுகளில் பெரிய பேச்சு. இளநிலையில் உளவியல் இருக்கும் கல்லூரிகள் சென்னை, கோவை போன்ற பெருநகரங்களில்தான் அதிகம். அரசுக் கல்லூரி என்றால் சென்னை மாநிலக் கல்லூரி முதலில் நினைவுக்கு வரும். அரசுக் கல்லூரிகளுக்கு 'டிஎன்ஜிஏஎஸ்ஏ' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணமும் குறைவு. தனியார் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவா, அரசு உதவி பெறும் பிரிவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே கல்லூரிக்குள் இரண்டுக்கும் ஃபீஸ் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும்.

வானம் பார்த்த பூமியில் கையில் காசு வருவது வருடம் முழுக்க அல்ல. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் தை, மாசியில்தான் பணமாகும். அதுவும் மழை ஏமாற்றாவிட்டால். கல்லூரி ஃபீஸ் கேட்பதோ ஜூன் மாதத்தில். அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசின் சமூகநீதி விடுதிகளில் இடம் கிடைத்தால் சாப்பாட்டுச் செலவு மிச்சம். இளநிலைக்கே கடன் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டால், உண்மையில் தேவைப்படும் முதுகலைக்குப் பணம் இருக்காது. முதல் மூன்று வருடத்தைச் சிக்கனமாக முடித்துவிட்டு, சேமிப்பை மேற்படிப்புக்கு வைப்பதே புத்திசாலித்தனம். முதுகலைக்குச் சென்னை, பாரதியார், பெரியார், அண்ணாமலை, புதுச்சேரி எனப் பல்கலைக்கழகத் துறைகள் இருக்கின்றன.

எல்லோரும் கிளினிக்கல் பக்கம் போக வேண்டியதில்லை. நிறுவனங்களின் ஹெச்.ஆர். பிரிவு, சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர் படிப்பு, பள்ளி ஆலோசகர், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அரசு மருத்துவமனைகளின் ஹெச்.ஐ.வி. ஆலோசனை மையம் எனப் பல வழிகள் உண்டு. ஆலோசகர் பணிகளுக்குப் பெரும்பாலும் முதுகலை கேட்கிறார்கள், ஒப்பந்த வேலைகளே அதிகம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. எழுத எந்த டிகிரியும் போதும்; யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் உளவியல் ஒரு விருப்பப் பாடம்.

கரிசல் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையிடம் இல்லாத ஒரு சொத்து உண்டு. இடைசெவல் கி.ராஜநாராயணன் உட்கார்ந்து அகராதியே போட்ட பேச்சு அது. "எனக்கு டிப்ரஷன்" என்று சொல்லிக்கொண்டு இந்தப் பக்கத்துப் பாட்டி எவரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. நெஞ்சு படபடன்னு வருது, கிறுகிறுங்குது, சோறு இறங்கமாட்டேங்குது என்பார். உடம்பைச் சொல்கிறாரா, மனசைச் சொல்கிறாரா என்று பிரித்துக் கேட்க அந்தப் பேச்சில் வளர்ந்த காது வேண்டும். ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கிக் கையில் கொடுத்தால் அவர் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

சைக்காலஜி சீட் கிடைக்கவில்லை என்றால் வருடத்தை வீணாக்க வேண்டாம். மனநலக் குழுவில் உளவியலாளரோடு சமூகப் பணியாளரும் உண்டு. அதற்கான எம்.எஸ்.டபிள்யூ. படிப்புக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். தமிழோ பொருளாதாரமோ உள்ளூர்க் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு அந்தப் பக்கம் போகலாம். மூன்று வருடமும் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வந்துவிடலாம்.