எல்.கே.ஜி வாண்டுக்கு எந்த சினிமா பாட்டு? ஸ்ரீரங்கத்தைச் சுற்றியே இருக்கு பதில்!

சாயங்கால நேரத்தில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் ஏறினால், காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மூன்று பாட்டாவது காதில் விழும். பஸ் ஸ்பீக்கரில் ஒன்று, பின் சீட்டு செல்போனில் ஒன்று, ஜன்னலோரம் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கும் எல்.கே.ஜி வாண்டின் வாயில் ஒன்று. பல நாள் மூன்றும் ஒரே பாட்டாகத்தான் இருக்கும். வாண்டு ஒரு வார்த்தை பிசகாமல் பாடும். பக்கத்து சீட்டுப் பாட்டி கன்னத்தைக் கிள்ளுவார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போகும்.

"அம்மா, சரக்குன்னா என்னம்மா?"

அம்மா சட்டென்று காவிரியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்கான வழியும் இதிலேயே இருக்கிறது. குழந்தை எந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாலும், பேச்சை மாற்றாமல் பதில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்தப் பாட்டு வீட்டில் ஓடலாம். முடியாவிட்டால் வேண்டாம். பழைய பாட்டா புதுப் பாட்டா, மெலடியா குத்தா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

"அதுக்கு என்ன புரியப்போகுது, பீட்டுக்குத்தானே ஆடுது?" என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பாதி உண்மைதான். மூன்று வயதுக் குழந்தையை முதலில் பிடிப்பது தாளம். ஆனால், அதே வயதில்தான் குழந்தை வார்த்தைகளைச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு பாட்டை முப்பது தடவை கேட்டால், அதிலுள்ள வார்த்தைகள் முப்பது தடவை உள்ளே போகின்றன. அர்த்தம் இன்றைக்குப் புரியாவிட்டாலும் வார்த்தை பத்திரமாக இருக்கும். ஒரு நாள் பஸ்ஸிலோ, விருந்தாளிகள் முன்னாலோ வெளியே வரும்.

அதற்காகத் தாளத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. குத்துப் பாட்டென்றாலே கெட்ட பாட்டு என்று ஒதுக்கும் வீடுகள் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்தில் சாமி புறப்பாட்டின்போது தவில் உருள ஆரம்பித்ததும், அப்பாவின் தோளில் இருக்கும் குழந்தை தானாகக் காலை ஆட்டுகிறது. அதில் யாராவது தப்பு கண்டுபிடித்தார்களா? துள்ளலான தாளம் குழந்தைக்குத் தேவை. அந்தத் தாளத்தின் மேல் எந்த வார்த்தை உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பெரியவர்கள் பார்க்க வேண்டும்.

மலைக்கோட்டை, பிச்சாண்டார்கோவில், ஸ்ரீரங்கம்

வார்த்தையும் சுத்தம், ஆட்டமும் துள்ளல் என்று இருக்கும் சினிமா பாட்டுகளைத் தேடிப்போனால், அவற்றில் சிலவற்றின் வேர் திருச்சியிலேயே இருக்கிறது.

முதல் ஆள் திருச்சி லோகநாதன். மலைக்கோட்டைக்காரர். ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட பாடகர். 1957-ல் வந்த 'மாயா பஜார்' படத்தில் கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனி ஆளாகக் காலி செய்யும் பாட்டு அவர் குரல்தான். எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். திரையில் எஸ்.வி.ரங்காராவ். அறுபது வருடங்களுக்கு மேலாகியும் இன்றைக்கு நாலு வயதுக் குழந்தையை உட்கார வைத்து இதைப் போட்டுக் காட்டினால், முதல் தடவையிலேயே விழுந்து விழுந்து சிரிக்கும்.

காரணம் எளிது. குழந்தைக்குப் பிடித்த எல்லாம் அந்த ஒரே பாட்டில் இருக்கிறது. பெரிய மீசை வைத்த ஒரு ராட்சசன், ஆனால் பயமுறுத்தாத ராட்சசன். பலகாரங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எதுகையும் மோனையும் நாக்கில் உருள்கின்றன. லட்டுகள் கை படாமலேயே வாய்க்குள் போகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிரிப்பு. இரண்டாவது நாள் குழந்தை பாட்டைப் பாடுகிறதோ இல்லையோ, கையில் ஒரு கரண்டியைக் கதாயுதம்போல வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பைச் சிரிக்கும். சாப்பிட அடம்பிடிக்கும் வீடுகளில் இந்தப் பாட்டால் ஒரு கைப்பிடிச் சோறு கூடுதலாக இறங்கினால் அது போனஸ்.

அடுத்தவர் ஜி.ராமநாதன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், பிச்சாண்டார்கோவிலில் பிறந்த இசையமைப்பாளர். 1961-ல் வந்த 'அரசிளங்குமரி' படத்தில் எம்.ஜி.ஆர் ஒரு சிறுவனுக்குப் புத்தி சொல்லும் பாட்டுக்கு இசை இவர்தான். வரிகள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், குரல் டி.எம்.சௌந்தரராஜன். பேய் இருக்கிறது, பூதம் இருக்கிறது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே என்று சொல்லும் பாட்டு அது. எந்த வரிக்கு அர்த்தம் கேட்டாலும் தைரியமாகச் சொல்லலாம். ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போகப் பயப்படும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் அறிவுரை சொல்வதைவிட இது வேலை செய்யும். இதைக் கேட்க வேண்டிய பெரியவர்களும் உண்டு... "சாப்பிடலைன்னா பூச்சாண்டி வருவான்" என்று ஆரம்பிப்பவர்கள்!

மூன்றாவது, கவிஞர் வாலி. 1931-ல் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். சினிமாவுக்குப் போவதற்கு முன் திருச்சி வானொலிக்கு எழுதியவர். எம்.ஜி.ஆரும் குழந்தைகளும் பாடும் 'நம் நாடு' (1969) படப் பாட்டு அவர் எழுதியதுதான். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லும் பாட்டு. புத்திமதிதான், ஆனால் ஸ்கூல் பிரேயர்போல இல்லாமல் ஓடிப் பிடித்து விளையாடுகிற வேகத்தில் இருக்கும்.

பெயரைப் பார்த்து வாங்க முடியாது

'அப்படியென்றால் வாலி பாட்டாகப் பார்த்து டவுன்லோடு செய்துவிடலாமே' என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. அதே வாலி 1993-ல் 'ஜென்டில்மேன்', 1994-ல் 'காதலன்' படங்களில் காலேஜ் கூட்டத்தை ஆட வைத்த பாட்டுகளையும் எழுதினார். இரட்டை அர்த்தம் என்ற விமர்சனமும் அவர் மேல் உண்டு. அவர் குழந்தைகளுக்கு மட்டும் எழுதியவர் இல்லை. கதை எதைக் கேட்டதோ அதை எழுதினார். பாட்டை எழுதியவர் பெயரையோ, பாடியவர் பெயரையோ பார்த்து எடுக்க இது மளிகைச் சாமான் இல்லை. ஒவ்வொரு பாட்டையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

'அஞ்சலி' நல்ல உதாரணம். 1990-ல் வந்த மணிரத்னம் படம், இளையராஜாவின் 500-வது படம். பாட்டுகள் அத்தனையும் வாலி. பாடிய குழந்தைகள் கூட்டத்தில் கார்த்திக் ராஜா, யுவன், பவதாரிணி, வெங்கட் பிரபு, பிரேம்ஜி எல்லோரும் இருந்தார்கள். பெரியவர்கள் குழந்தைக் குரலில் நடிக்காமல், குழந்தைகளே பாடியதால் வரும் உற்சாகம் அந்த ஆல்பம் முழுக்கத் தெரியும். குழந்தைகள் சேர்ந்து கத்திப் பாட அதைவிடப் பொருத்தமான தமிழ் ஆல்பம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால், அதிலேயே மொட்டை மாடியில் சந்திக்கும் காதல் ஜோடியைப் பிள்ளைகள் கிண்டல் செய்யும் பாட்டும் ஒன்று இருக்கிறது. பத்து வயதுக்கு அது ஜாலி. நாலு வயதுக்கு அவசரமில்லை. படமும் அப்படித்தான். முடிவு பெரியவர்களையே அழ வைக்கும். பாட்டு பிடித்திருக்கிறதே என்று எல்.கே.ஜி குழந்தையை உட்கார வைத்து முழுப் படத்தையும் காட்டினால், அன்று ராத்திரி தூக்கம் போகும். பாட்டு குழந்தைக்கானது என்பதால் படமும் குழந்தைக்கானது என்று ஆகிவிடாது.

புதுப் பாட்டுகள் பக்கம் வந்தால், 2011-ல் உலகத்தையே சுற்றிய தனுஷ் பாட்டை மறக்க முடியாது. அப்போது பால்வாடிப் பிள்ளைகூடப் பாடியது. பாட்டில் இருப்பதோ காதலில் தோற்ற ஒருவனின் புலம்பலும் கையில் ஒரு ஸ்காட்ச் கிளாஸும். அந்த நேரத்தில் இந்திப் பாடகர் சோனு நிகமின் நாலு வயது மகன் நேவான், அதே மெட்டில் பாலைப் பற்றிப் பாடிய ஒரு வெர்ஷன் வந்தது. மெட்டு அதேதான், விஸ்கிக்குப் பதில் பால். இந்த வேலையை எந்த வீட்டிலும் செய்யலாம். குழந்தைக்கு ஒரு மெட்டு ரொம்பப் பிடித்துவிட்டது, வார்த்தை சரியில்லை என்றால், அதே மெட்டில் இட்லியையோ வீட்டுப் பூனையையோ போட்டுப் பாடிவிட வேண்டியதுதான். கவிதையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. குழந்தையின் பெயர் ஒரு இடத்தில் வந்தால் போதும், ஒரிஜினலை அது மறந்துவிடும்.

கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. பாட்டின் வார்த்தை சுத்தமாக இருக்கும், வீடியோ சரியாக இருக்காது. தலைகீழாகவும் நடக்கும். அதனால் முதலில் பெரியவர்கள் ஒரு தடவை திரையைக் கவிழ்த்துவைத்து முழுப் பாட்டையும் கேட்க வேண்டும். பல்லவி மட்டும் போதாது, சங்கதி பெரும்பாலும் இரண்டாவது சரணத்தில்தான் ஒளிந்திருக்கும். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவை மட்டும் பார்க்க வேண்டும். எட்டு நிமிட வேலை.

சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது. சான்றிதழ் படத்துக்குத்தான், ஆடியோவாக வெளியாகும் பாட்டுக்குக் கிடையாது. 2023-ல் சட்டம் திருத்தப்பட்டு 'யு/ஏ' என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது நல்ல விஷயம். ஆனால், செல்போனில் தனியாக ஓடும் பாட்டின் மேல் அந்த எண் ஒட்டியிருக்காது.

ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் என்றால் வீடியோவே வேண்டாம், ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும். இரண்டு முதல் நாலு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. பாட்டைக் காதால் கேட்டால் அந்தக் கணக்கிலேயே வராது. கூடவே குழந்தை எழுந்து ஆடும், ஓடும். திரை இருந்தால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடும். வீடியோ போட்டே ஆக வேண்டுமென்றால் யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். முதல் பாட்டைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், நாலாவது பாட்டைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் இல்லை.

வீட்டில் இவ்வளவு பார்த்தாலும், ஜனவரி வந்துவிட்டால் ஆண்டு விழா சீசன். மேடையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, உதட்டுச் சாயம், ஐட்டம் சாங் ஸ்டெப். கீழே பெற்றோர் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். டிவி நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளை வயதுக்குப் பொருந்தாத, ஆபாசமான அசைவுகளோடு காட்டக் கூடாது என்று மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை 2019 ஜூன் மாதம் தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிவுறுத்தல் சேனல்களுக்குத்தான், பள்ளி மேடைக்கு இல்லை. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் டீச்சருக்கும் நேரம் இருப்பதில்லை, ட்ரெண்டிங்கில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார். ஒத்திகை தொடங்குவதற்கு முன்னாலேயே "எந்தப் பாட்டு மிஸ்?" என்று கேட்டு, கையோடு இரண்டு பாட்டின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் பிரச்னை அங்கேயே முடிந்துவிடும். டிரெஸ் தைத்த பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

சரி, குழந்தை ஏற்கெனவே ஒரு வேண்டாத பாட்டைப் பிடித்துக்கொண்டுவிட்டது. என்ன செய்வது? அதட்டினால் அந்தப் பாட்டுக்கு மவுசு கூடும். சிரித்துக்கொண்டே ரீல்ஸ் எடுத்தாலும் கூடும். தடை எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1952-ல் மத்திய அமைச்சராக இருந்த கேஸ்கர், சினிமா பாட்டு தரமில்லை என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதைச் சுருக்கினார். ஜனங்கள் பேசாமல் முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோன் கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் 1957-ல் அரசே விவித பாரதியைத் தொடங்கி சினிமா பாட்டைப் போட்டது. ஒரு நாட்டின் அமைச்சரால் முடியாதது, எதிர் வீட்டில் டிவி ஓடும்போது ஓர் அம்மாவால் முடியுமா? கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, அதைவிடத் துள்ளலான இன்னொன்றைப் போட்டு, கூடவே தானும் ஆடினால் பழையது ஒரு வாரத்தில் தேய்ந்துவிடும். பெரியவர் கூட ஆடுவது முக்கியம். தனியாகக் கேட்கும் பாட்டைவிட அப்பாவோடு ஆடிய பாட்டுதான் ஜெயிக்கும்.

கடோத்கஜன் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. அடுத்த நாள் பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது ஜன்னலோரத்திலிருந்து, "அம்மா, சொஜ்ஜின்னா என்னம்மா?" என்று கேள்வி வரும். பதில் சொல்வது சுலபம். ஆனால், வாயால் சொன்னால் மட்டும் விடாது. ரவையும் சர்க்கரையும் நெய்யும் வீட்டில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.