டயர் செருப்பும் மயாமி நாற்காலியும்

லாரி ஓடும் ஊரில் பழைய டயருக்குப் பஞ்சமில்லை. ஓசூர் சிப்காட்டிலிருந்து கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரை பஞ்சர் கடைதோறும் கிழிந்த டியூப் கிடக்கிறது. அந்த ரப்பரில் வார் அறுத்துத்தான் நம் பெரியவர்கள் டயர் செருப்பு தைத்தார்கள். கபிலை ஏற்றத்துக்குத் தோல் பறி தைத்த அதே கைகள். பம்புசெட் வந்ததும் பறி போனது. பிளாஸ்டிக் செருப்பு வந்ததும் டயர் செருப்பும் போனது. அந்த வேலையை ‘டிசைன்’ என்று யாரும் சொன்னதில்லை. சக்கிலி வேலை என்றுதான் சொன்னார்கள்.

மும்பையில் அதே ரப்பர் கலைப்பொருளாகியிருக்கிறது. 2015இல் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை வெட்டுவதற்கும் தடை வந்தது. தாராவியின் தோல் தொழிலாளர்கள் பலருக்கு வேலை போயிற்று. சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் அவர்களோடு சேர்ந்து, தோலுக்குப் பதில் மறுசுழற்சி ரப்பர் ஷீட்டில் பைகள் செய்தார். பிறகு நாற்காலிகள். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமியில் நடந்த வடிவமைப்புக் கண்காட்சிக்கு அவை போயின. பாப் பாடகி ரியானா ஒன்றை வாங்கினார்.

நமக்கு அந்த நாற்காலியைவிட அதன் பெயர்தான் பெரிது. ‘சமார் ஸ்டுடியோ’. சமார் என்பது வடநாட்டில் தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சாதியின் பெயர். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பலர் பார்க்க ஒருவரை அப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திட்டுவதற்கென்று வைத்திருந்த அந்தச் சொல்லைச் சொல்லித்தான் இனி பணக்காரர்கள் பை கேட்டு வாங்க வேண்டும்!

ஆனால் பெயர் மட்டும் மயாமிக்குப் போய், தைத்தவர் தினக்கூலியிலேயே நின்றுவிடக் கூடாது. எந்த ‘டிசைன்’ பொருளைப் பார்த்தாலும், செய்தவரின் பெயர் எங்கே, பங்கு எவ்வளவு என்று கேட்போம்.

இங்கே நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்து ஒப்பந்தத் தொழிலாளியாக நைட் ஷிப்டுக்குப் போகிறார்கள். கண்ணாலேயே அளவெடுத்து வெட்டும் கைத்திறன் வீட்டிலேயே வாய்த்த பிள்ளைகளிடம், வடிவமைப்பு என்றொரு படிப்பு இருப்பதைச் சொல்ல ஆளில்லை. 1961 முதல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இயங்குகிறது (பொறியியல் சொல்லித்தரும் என்.ஐ.டி. வேறு). அதன் முதுநிலை வளாகம் ஒன்று பெங்களூரில், ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. இளநிலைப் படிப்புக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம். பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடம் உண்டு. முதல் தேர்வில் வரையச் சொல்வார்கள். அடுத்ததில் காகிதம், கம்பி என்று எதையாவது கையில் கொடுத்து, ஒரு பொருள் செய்து காட்டச் சொல்வார்கள்.