லூபஸ் உள்ள பெண்ணும் பிள்ளைப்பேறும்

"பிள்ளை உண்டாகியிருக்கும்போது மாத்திரையா? தூக்கிப் போடும்மா!" நம் வீட்டுப் பெரியவர்கள் அக்கறையோடு சொல்வதுதான். லூபஸ் நோயுள்ள பெண்ணுக்கு மட்டும் இந்த அக்கறை ஆபத்தாய் முடியும்.

லூபஸ் என்றால் இலத்தீனில் ஓநாய். இது தொற்று நோய் அன்று. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டு, தோல், சிறுநீரகம் என்று தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

முன்பெல்லாம் இவர்கள் பிள்ளையே பெறக்கூடாது என்பார்கள். இப்போது பெறலாம். ஆனால் நாள் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் அல்ல. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட் போன்றவை கருவைக் கெடுக்கும். மருத்துவர் முன்கூட்டியே அவற்றை நிறுத்தி, அசாதியோப்ரின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்.

நிறுத்தக்கூடாதது ஹைட்ராக்சிகுளோரோகுயின். மலேரியா மருந்தாக வந்தது. 2020-இல் கொரோனாவுக்கென்று ஆளாளுக்கு வாங்கி வைக்க, லூபஸ்காரர்கள் கடை கடையாய் அலைந்தார்களே, அதுதான். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் தொடரலாம். விட்டால் நோய் சீறும். எனக்குத் தெரிந்த வீட்டில் மாமியார் பேச்சைக் கேட்டு மருமகள் மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டாள். ஏழாம் மாதம் கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போய், ஒன்றரைக் கிலோவில் பிள்ளை. இருவரும் பிழைத்தார்கள், சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. அந்த அம்மாள் இன்றும் அழுகிறார்.

கால்வீக்கம், இரத்த அழுத்தம், புரதம் இம்மூன்றும் கர்ப்பகால அழுத்த நோயிலும் வரும், லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கினாலும் வரும். வைத்தியமோ வேறு வேறு. அதனால்தான் அடிக்கடி பரிசோதனை. அழுத்த நோயைத் தடுக்கப் பன்னிரண்டாம் வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொடுப்பார்கள்.

இரண்டு இரத்தப் பரிசோதனைகள் முன்பே வேண்டும். 'ரோ' எதிர்ப்புப் பொருள் இருந்தால், நூற்றில் இரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு மந்தப்படலாம். பதினாறாம் வாரம் முதல் ஸ்கேனில் கவனிப்பார்கள். பாஸ்போலிப்பிட் எதிர்ப்புப் பொருள் இருந்தால் இரத்தம் உறைந்து கரு கலையலாம். அதற்கு ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசி. அது பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. எங்கள் சமணக் குடும்பங்களில் முகம் சுளிப்பார்கள், நானும் சுளித்தவன்தான். இரண்டு உயிர் சம்பந்தப்பட்டது, போட்டுக்கொள்ளட்டும் என்பதே இப்போது என் கருத்து. மனம் ஒப்பாதவர்கள் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்புகிறவர்கள் கோப்பு முழுவதையும் கொடுத்தனுப்புங்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையை அங்கே முன்பே பார்த்து வையுங்கள். ரயில் பயணத்திலும் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.