ஒன்றரை அடிக்குள் ஓர் ஓவியம்

ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழும் ஓவியர் டோமா ஆப்ட்ஸ். 2018-இல் அங்குள்ள செர்பன்டைன் கலைக்கூடத்தில் இவருடைய அரூப ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவர் வரைபவை பெரும்பாலும் ஒரே அளவுதான்: 48 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். நம் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடி.

முன்கூட்டி எதையும் திட்டமிடுவதில்லை. வண்ணத்தின் மேல் வண்ணமாகப் பூசப் பூச, வடிவம் திரண்டு வரும். கிட்டே போய்ப் பார்த்தால், மூடி மறைத்த பழைய கோடுகள் மேல்பூச்சுக்கு அடியில் மெல்லப் புடைத்திருப்பது தெரியும். தலைப்புகளோ, ஜெர்மானிய ஆட்பெயர் அகராதியிலிருந்து எடுத்தவை!

பிரிட்டனின் டர்னர் பரிசு தொடங்கியது 1984-இல். 2006-இல் அதை வென்ற டோமா ஆப்ட்ஸ்தான், அப்பரிசைப் பெற்ற முதல் பெண் ஓவியர்.