தக்காளியும் நில மூடாக்கும்

கோபுரங் கட்டப் புகுவோன் முதற்கண் செலவை யெண்ணுதல் வேண்டுமென்பது நம் ஆண்டவர் கூறிய உவமை. உழவனுக்கும் அஃது ஒக்கும்.

தக்காளி பயிரிடுவோர் களையை அடக்கவும் ஈரத்தைக் காக்கவும் நிலத்தை மூடுதல் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்துப் பெல்ட்ஸ்வில் என்னும் ஊரிலுள்ள அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணையில், வெற்று நிலத்தையும், கருநிறப் பாலிதீன் தாளையும், ஹேரி வெட்ச் என்னும் பயறுவகைக் கொடியையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். அதன் வரவு செலவுக் கணக்கு 1995-இல் வெளிவந்தது.

பாலிதீன் மண்ணை வெப்பமுறச் செய்தலாற் பழம் முந்தி வரும். முந்திய பழத்திற்கு விலையும் மிகுதி. ஆயின் தாளை வாங்கவும், விரிக்கவும், அறுவடைக்குப்பின் அகற்றவும் பொருள் செலவாகும். வெட்ச்சோ இலையுதிர் காலத்தில் விதைக்கப்பெற்று, இளவேனிலில் அறுக்கப்பட்டு, வயலிலேயே மூடாக்காய்க் கிடந்து மட்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுக்களாற் சேர்த்து வைத்தலின் உரச்செலவுங் குறையும். பழம் பிந்தினும் விளைவு நெடுநாள் நீடிக்கும். இம்மூன்றனுள் மிக்க ஊதியந் தந்தது வெட்ச்சே என்பது அக்கணக்கின் முடிபு.

நிலந்தோறும் அதற்கேற்ற மூடாக்கு வேறுபடலாம். எனினும், முந்திய விலையொன்றையே கண்டு மயங்காது, செலவு போக எஞ்சுவதை எண்ணித் துணிதல் எந்நாட்டு உழவனுக்கும் இன்றியமையாததன்றோ?