கைதி நம்பர் 6342: புத்தகமும் வர்ணமும்

சென்னை சென்டிரல் ரெயில் நிலையத்துக்கு அருகே முன்பு ஒரு பெரிய சிறைச்சாலை இருந்தது. 2006-ம் ஆண்டு கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009-ல் பழைய கட்டிடத்தையும் இடித்துவிட்டார்கள்.

1963-ம் ஆண்டின் கடைசியில் சென்னைச் சிறைக்கு ஒரு கைதி வந்தார். வயது 54. படிப்பு எம்.ஏ. பதவி, டெல்லி மேல்-சபை உறுப்பினர். சொந்த ஊர் காஞ்சீபுரம். கைதி நம்பர் 6342.

யார் அந்தக் கைதி?

சி.என். அண்ணாத்துரைதான். நாடு முழுவதும் "அண்ணா" என்று அழைத்த அதே மனிதர்.

அரசியல் சட்டத்தில் ஆட்சிமொழி பற்றிச் சொல்லும் 17-வது பகுதியைக் கொளுத்தப் போவதாக அவர் அறிவித்திருந்தார். கொளுத்துவதற்கு முன்பே, 1963 நவம்பரில் போலீசார் கைது செய்துவிட்டார்கள். ஆறு மாதக் கடுங்காவல் கிடைத்தது.

அந்தப் போராட்டத்தின் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது வேறு. மணிக்கணக்கில் மேடையில் பேசி, ஆயிரக்கணக்கான மக்களைக் கட்டிப் போட்டவர் அவர். அந்த மனிதரை நாலு சுவருக்குள் அடைத்துவிட்டால் என்ன செய்வார்?

படித்தார். படம் வரைந்தார்!

தம்பிக்குக் கடிதம்

விடுதலையான பிறகு அந்தச் சிறை நாட்களைப் பற்றித் தம் "காஞ்சி" வார இதழில் தம்பிக்குக் கடிதமாக எழுதினார். தலைப்பு என்ன தெரியுமா? "கைதி எண் 6342". தம் சிறை நம்பரையே தலைப்பாக வைத்துவிட்டார். பிறகு அது புத்தகமாகவும் வந்தது.

யார் பார்க்க வந்தார்கள், உடம்பு எப்படி இருந்தது, என்ன புத்தகம் படித்தேன் என்று, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதியிருக்கிறார். நடுநடுவே ஓவியப் பேச்சும் வருகிறது. அவர் ஓவியப் பள்ளியில் படித்தவர் அல்ல. பெயர் வாங்கவும் வரையவில்லை. கதவு பூட்டிய பிறகு பொழுது போகவேண்டுமே! படிப்பதற்குக் கண் வேண்டும்; மனமும் வேண்டும். மனம் ஓடாத நேரத்தில் கை ஓடினால் ஓர் ஆறுதல். சிறைக்குப் போகாதவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். கவலையோடு இருக்கும் பெண் வாசலில் பெரிய கோலமாகப் போடுவதை நீங்கள் பார்த்ததில்லையா?

தறி வீட்டுப் பிள்ளை

படிக்கும் பழக்கம் அண்ணாவுக்குச் சிறையில் வந்தது அல்ல. அவர் பிறந்தது 1909 செப்டம்பர் 15-ந் தேதி. தந்தையார் நடராசன், கைத்தறி நெசவாளர். தாயார் பங்காரு அம்மாள். வளர்த்தவர் சிற்றன்னை ராசாமணி அம்மாள். அவரைத்தான் அண்ணா "தொத்தா" என்று அழைப்பார்.

காஞ்சீபுரத்துத் தறி வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதி வீட்டைத் தறியே பிடித்துக்கொள்ளும். மீதி இடத்தில்தான் சமையல், தூக்கம் எல்லாம். பட்டுப் புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாகக் கோர்வை போட்டு நெய்வதற்கு ஓர் ஆள் போதாது. மறுபக்கம் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். முன்பெல்லாம் பல வீடுகளில் அந்த இடத்தில் உட்கார்ந்தது சிறுவர்கள்தான். தறியில் கை வைத்த பிள்ளையின் கையில் புத்தகம் ஏறுவது சுலபமா?

அண்ணாவுக்கும் படிப்பு தடையில்லாமல் ஓடவில்லை. குடும்பக் கஷ்டத்தால் கொஞ்ச காலம் காஞ்சீபுரம் நகரசபையில் குமாஸ்தா வேலை பார்த்தார். 1928-ல்தான் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். சென்னையில் கன்னிமாரா நூலகம் கிடைத்தது. பிறகு கேட்கவேண்டுமா!

தாம் படித்ததோடு அவர் நிற்கவில்லை. "வீட்டிற்கோர் புத்தகசாலை" என்று ரேடியோவில் ஒரு முறை பேசினார். வீட்டில் மேஜை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, பீரோ இருக்கிறது, புத்தகத்துக்கு மட்டும் இடம் இல்லையே என்பதுதான் அவருடைய குறை. பணக்கார வீட்டைச் சொல்கிறார் என்று நினைக்கலாம். தறி வைக்க இடம் கண்டுபிடித்த வீட்டில், நாலு புத்தகம் வைக்க ஒரு மாடம் கிடைக்காதா? மாடம் கிடைக்கும். படிக்க நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். சிறையில் கிடந்தவருக்கு நேரம் கிடைத்தது. நாள் முழுதும் தறிக்குழியில் கால் வைத்திருப்பவருக்கு எங்கே கிடைக்கிறது?

1957 தேர்தலில் அண்ணாவை ஜெயிக்க வைத்தது காஞ்சீபுரம். 1962-ல் தோற்கடித்ததும் அதே ஊர்தான். 1967-ல் அவர் முதல்-மந்திரி ஆனார். அடுத்த ஆண்டே புற்றுநோய். 1968 செப்டம்பரில் நியூயார்க் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது, ஒரு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று டாக்டரிடம் அண்ணா கேட்டாராம். என்ன காரணம்? கையில் மேரி கொரெல்லி எழுதிய "மாஸ்டர் கிறிஸ்டியன்" நாவல். 1900-ம் ஆண்டு வெளிவந்த தடித்த புத்தகம். இன்னும் கொஞ்சம் பக்கங்கள் பாக்கி இருந்தனவாம்!