கூறியது கூறலும் ஒரு கெர்னலும்

மாண்ட்ரியலிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றைத் தாண்டினால் தென்கரையில் புரோசார்ட். 2023 ஜூலை 31 முதல் ஓட்டுநர் இல்லாத ரெம் ரயில் இரண்டு ஊரையும் இணைக்கிறது. புரோசார்ட்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஊர் எழுத்துவாரியாகப் பிரிந்திருக்கிறது. 'எம்' பகுதியின் தெருப் பெயர்கள் பெரும்பாலும் எம்மில் தொடங்கும், 'எஸ்' பகுதியின் பெயர்கள் எஸ்ஸில். தெருவின் பெயரைக் கேட்டாலே வீடு ஊரின் எந்த மூலையில் என்று தெரிந்துவிடும். "எஸ் பகுதியில் உள்ள எஸ் பகுதித் தெரு" என்று யாரும் முகவரி எழுதுவதில்லை.

நம் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள், வன்பொருளை ஆளும் மைய நிரலாக இருக்கும் லினக்ஸ் கெர்னலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள்.

கணினியில் ஒரு யுஎஸ்பி மவுஸைச் செருகினால், அது தன் பெயரையும் வகையையும் தானே சொல்லிவிடும். கைபேசியின் பலகையில் இரண்டு மெல்லிய கம்பிகளில் தொங்கும் வெப்பமானி அப்படியல்ல. அது வாயில்லாப் பூச்சி. அது எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் கடிகாரத் துடிப்பில் ஓடுகிறது என்பதையெல்லாம் வேறு யாராவது கெர்னலுக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்த வேலைக்கு ஏற்பட்டதுதான் டிவைஸ் ட்ரீ. பலகையில் இருக்கும் சிப்புகளை வேர், கிளை, இலை என்று மரமாக அடுக்கிய ஒரு கோப்பு. கருவி விழிக்கும்போது, கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் இதையும் கெர்னலின் கையில் கொடுக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கணினிகளில் பிறந்து 1994இல் ஐட்ரிப்பிள்இ 1275 என்ற தரமாக அங்கீகாரம் பெற்ற யோசனை இது. மாண்ட்ரியலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒட்டாவாவில், 2008ஆம் ஆண்டு லினக்ஸ் கருத்தரங்கில் கிராண்ட் லைக்லியும் ஜோஷ் போயரும் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கருத்தரங்கே மாண்ட்ரியலுக்கு வந்தது.

அந்த நாளில், கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் சிப்புகளின் உலகம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. புதிதாக ஒரு பலகை வந்தால் அதற்கென்று கெர்னலுக்குள்ளேயே ஒரு சி நிரல் எழுதுவார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான கோப்புகள் குவிந்தன. 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து சத்தம் போட்டார். அதன்பின் ஆர்ம் பலகைகளும் மெல்ல மெல்ல டிவைஸ் ட்ரீக்கு மாறின.

குப்பை ஒழிந்ததா? வேறு அறைக்குப் போனது. மரத்தை எழுதுவதற்கு இலக்கணம் வேண்டும் அல்லவா? இந்தச் சிப்புக்கு எந்தெந்தப் பண்புகளைத் தரலாம், எத்தனை கடிகாரங்களைக் குறிப்பிட வேண்டும் என்று சொல்லும் ஆவணங்களுக்கு 'பைண்டிங்' என்று பெயர். முதலில் இவை மனிதர் மட்டுமே படிக்கும் வெறும் உரையாக இருந்தன. 2018 முடிவிலிருந்து ராப் ஹெர்ரிங் முதலிய கெர்னல் நிரலாளர்கள் இவற்றை யாமெல் வடிவத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். இனி இயந்திரமும் அவற்றைப் படித்துப் பிழை பிடிக்கும்.

இயந்திரம் படிக்கத் தொடங்கியதும் மிகை பளிச்சென்று தெரிந்தது. டிவைஸ் ட்ரீ பைண்டிங்குகளுக்கென்றே இருக்கும் அடைவில், கோப்புக்குக் கோப்பு "இன்ன சிப்புக்கான டிவைஸ் ட்ரீ பைண்டிங்" என்று தலைப்பு. எஸ் பகுதியில் உள்ள எஸ் பகுதித் தெரு! 2022 டிசம்பரில் கெர்னல் நிரலாளர் கிரிஸ்டோஃப் கோஸ்லோவ்ஸ்கி இந்த வாலையெல்லாம் கத்தரித்தார். தலைப்பு வன்பொருளின் பெயரைச் சொன்னால் போதும் என்பது அவர் வாதம்.

வெறும் அழகுணர்ச்சியா இது? ஒரு சிப்புக்கு இரண்டு கடிகாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். பைண்டிங்கில் இரண்டையும் பட்டியலிட்டுவிட்டு, கீழே "அதிகபட்சம் 2" என்றும் எழுதுகிறார்கள். பட்டியலை எண்ணினாலே இரண்டு என்று தெரியும். சோதனைக் கருவியும் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறது. சிப்பின் அடுத்த பதிப்பில் மூன்றாவது கடிகாரம் வருகிறது. ஒருவர் பட்டியலில் சேர்க்கிறார், கீழே இருக்கும் எண்ணை மறந்துவிடுகிறார். இப்போது சரியாக எழுதிய மரத்தைத் தவறு என்கிறது கருவி. முதல்நாள்வரை வெறும் மிகையாக இருந்த வரி, மறுநாள் பொய்யாகிவிட்டது.

நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று எண்ணுகிறது. அதில் மூன்றாவது கூறியது கூறல். அடுத்து நிற்பது மாறுகொளக் கூறல், அதாவது முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது. நூலாசிரியர் பவணந்தி முனிவர் எந்தக் காரணத்தால் இரண்டையும் அருகருகே வைத்தாரோ, நிரல் எழுதுபவருக்கு அந்த வரிசை அனுபவத்தில் தெரியும். ஒரு செய்தியை ஒரே இடத்தில் சொன்னால் அது தன்னோடு முரண்பட வழியில்லை. இரண்டு இடத்தில் சொன்னால் முதல் குற்றம் இரண்டாவதைப் பெற்றெடுக்கக் காத்திருக்கிறது.

அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டக் கூடாது. வெட்டு மிஞ்சினால் அதே பட்டியலின் முதல் குற்றமான குன்றக் கூறல் வந்து நிற்கும். 'முகவரி' என்ற பண்புக்குக் கீழே "இது சிப்பின் முகவரி" என்றிருந்தால் வெட்டலாம். இரண்டு கடிகாரங்களில் முதலாவது சிப்பின் மையத்துக்கு, இரண்டாவது தரவுத் தடத்துக்கு என்ற குறிப்பு வேறு எங்கும் கிடைக்காது. அது இருக்கத்தான் வேண்டும்.

இந்தக் களையெடுப்பால் எந்தக் கைபேசியும் வேகமாக ஓடப்போவதில்லை. ஆனால் புதிய சிப்புக்குப் பைண்டிங் எழுத வருபவர் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார். அதில் இல்லாத வரியை அவர் நகலெடுக்க முடியாது.